கந்தலும் கோடியும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். வயதில் மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்று எழுதுகிறேன். போன மாதம் உங்கள் அப்பத்தாவின் துணிப்பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். படித்ததும் இந்தக் காரியத்தை உங்களிடம் கேட்கலாம் என்று தோன்றியது.

நாங்கள் திருநகர், ஹார்விபட்டி வட்டாரத்துப் பெண்கள். பதினான்கு வருடமாகப் புதன்கிழமை மதியம் என் வீட்டு மாடியில் கூடி ஒட்டுப்போர்வை தைத்து வருகிறோம். நைந்த நூல் சேலைகளை மூன்று நான்கு மடிப்பாக அடியில் கொடுத்து, தையல்கடைகளில் மிஞ்சும் வெட்டுத்துணியை மேலே ஒட்டு வைத்து, கையாலேயே ஓட்டுத்தையல் போடுவோம். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் எங்களிடமிருந்து ஒன்று போகும். பதினொரு பேர் இருந்தோம். இரண்டு வருடத்துக்குள் மூன்று பேர் போய்விட்டார்கள்.

மூத்தவர் மில் ஆச்சி. திருநெல்வேலியில் பிறந்து, ஹார்வி மில் தொழிலாளிக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவர். எங்களில் பாதிப் பேருக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தது அவர்தான். நறுக்கிய நூல் முனையைக்கூடக் குப்பையில் போட விடமாட்டார். எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். அடுத்தவர் சுங்குடி அக்கா. சௌராஷ்டிரக் குடும்பம், சின்ன வயதிலிருந்தே சுங்குடிக்கு முடிச்சுக் கட்டிய கை. துணி மூட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டு, எந்தத் துண்டு வருகிறதோ அதைத்தான் அடுத்து வைப்பார். "அழகருக்கே அப்படித்தான் பட்டு எடுக்கிறார்கள், எனக்கென்ன?" என்பார். மூன்றாமவர் கணக்கு டீச்சர். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத்தான் தைப்பார். பிறர் தையல் கோணினால் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்துவிடுவார். இதனால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்ற வாரங்கள் உண்டு. போன வைகாசியில் அவரும் போனார். அவர் பாதி தைத்த போர்வை, குத்திய ஊசியோடு என் பீரோவில் இருக்கிறது.

மூவருடைய வீட்டிலும் சேலை கேட்டு வாங்கி நினைவுப் போர்வை ஒன்று தைக்கலாம் என்றேன். சிலர், இறந்தவர் துணியில் கை வைப்பதா, அதுவும் பிள்ளைகளுக்குத் தைக்கும் இடத்தில் வைத்தா என்கிறார்கள். டீச்சரின் போர்வையை முடிப்பதா, அப்படியே வைப்பதா என்று தனிச் சண்டை. அவரைப் போலவே ஸ்கேல் வைத்துத் தைத்தால் வித்தியாசம் தெரியாது என்கிறாள் ஒருத்தி. பெயர்களை எப்படித் தைப்பது என்றும் தெரியவில்லை. போர்வையோடு வைக்க அவர்களைப் பற்றி நான்கு வரி எழுதித் தருவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகி, திருநகர், மதுரை.

அன்புள்ள அக்கா,

நான்கு வரி எழுதித் தரமாட்டேன். கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேளுங்கள்.

நம் ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், பந்தல்காரர் வருவதற்கு முன்னால் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வந்துவிடுகிறது. இறந்தது பெண் என்றால் பெரும்பாலும் ஆதார் அட்டைப் படம்தான். யாரோ அதட்டி உட்காரவைத்துப் பிடித்தது போன்ற அந்த முகத்தோடு எந்த அம்மாளும் தெருவில் நடமாடியதில்லை. படத்துக்குக் கீழே இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார் என்று இருக்கும். அதற்கும் கீழே பேரன்மார் பத்துப் பேர், கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டும் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டும் துக்கப்படுவார்கள். அந்த அம்மாள் எதற்குச் சிரிப்பார், எதைச் சமைத்தால் கெடுத்துவிடுவார் என்று ஒரு சொல் இருக்காது.

இதில் கேலி செய்ய எனக்குத் தகுதி கிடையாது. அப்பத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு அச்சடித்த தாளில் இருந்த வாசகம் என்னுடையது. வீட்டில் எழுதுகிறவன் நான் ஒருவன் என்று பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். 'அன்பின் திருவுருவே, பாசத்தின் ஊற்றே' என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதினேன். அத்தை அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. யாரைப் பற்றி எழுதியது?" என்றாள்.

அப்பத்தா பால் கணக்கில் ஐம்பது காசு இடித்தாலும் பால்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்து விசாரிப்பவள். மூன்று மருமகள்களையும் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, பிறந்த ஊர்ப் பெயர்தான். என் அம்மா சாகும்வரை அவளுக்கு 'சோழவந்தானாள்'. பேரன் பேத்திகள் எல்லாருக்கும் பழஞ்சேலைப் போர்வை தைத்தாள், உண்மை. ஆனால் கையில் கொடுக்கும்போது, "கிழித்துக்கொண்டு வந்து நிற்காதே, இன்னொன்று கிடையாது" என்று மிரட்டித்தான் கொடுப்பாள். இவளைப் போய் ஊற்று என்று எழுதிவிட்டேன். அத்தை கேட்டதற்குப் பிறகும் அந்தத் தாளை மாற்றவில்லை. அச்சுக்குப் போகும் அவசரம் என்று அன்றைக்கு ஒரு சாக்கு இருந்தது.

உங்கள் கடிதத்தில் அந்தப் பிசகு இல்லை. 'ஒரு வார்த்தை சொல்லாமல் பிரித்துவிடுவார், பேச்சுவார்த்தை நின்ற வாரங்கள் உண்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, டீச்சருக்கு அதற்கு மேல் எந்த அஞ்சலியும் நான் எழுதிவிட முடியாது. அதையே வையுங்கள். அவர் வீட்டார் படித்தால் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு சிரிப்பார்கள். சிரித்தபின் அவர்களே இன்னும் இரண்டு கதை சொல்வார்கள்.

சுங்குடி அக்காவின் அழகர் கதையை வெளியூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக விளக்கிவிடுகிறேன். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நாளில் எந்த நிறப் பட்டு உடுத்தி வருகிறார் என்பதுதான் கூட்டத்தில் எல்லாருடைய பேச்சும். பல நிறப் பட்டுகள் இருக்கும் பெட்டிக்குள் பட்டர் பார்க்காமல் கையை விட்டு, வந்ததை எடுத்துச் சாத்துவார் என்பது வழக்கம். பச்சை வந்தால் அந்த வருடம் மழையும் விளைச்சலும் நன்றாக இருக்கும். இத்தனை பெரிய ஊரின் ஒரு வருடத்து வயலே பெட்டிக்குள் போகும் கையை நம்பி இருக்கும்போது, ஒரு போர்வையின் நிறத்தைப் பற்றி அக்கா கவலைப்படாததில் என்ன குறை? ஒருபக்கம் அவர் கண்ணை மூடி எடுக்க, மறுபக்கம் டீச்சர் ஸ்கேலோடு உட்கார்ந்திருந்தார் என்பதை நினைக்கும்போதுதான் உங்கள் மாடியில் ஒரு புதன்கிழமையாவது வந்து உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

உங்கள் வெட்டுத்துணி எந்தத் தையல்கடைகளிலிருந்து வந்தது என்று எழுதவில்லை. பழைய துண்டுகள் புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் வாங்கியவையாக இருக்கலாம். மீனாட்சி கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய மண்டபத்தின் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அழகர் வேடம் போடுகிறவர்களுக்கான உடுப்பெல்லாம் அங்கேதான் தைப்பார்கள். சித்திரை வந்தால் யாளியின் காலடியில் சிவப்பு வெல்வெட் துணுக்குகள் கிடக்கும். இப்போது கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறிவிட்டன. மண்டபத்துக்கு அது நல்லதுதான், கல்லுக்கும் மூச்சு விட இடம் வேண்டும். எனக்குத்தான் அந்தச் சத்தம் இல்லாமல் உள்ளே நுழையக் கால் வருவதில்லை. உங்கள் போர்வைகளில் ஏதாவது ஒன்றில் வெல்வெட் துண்டு இருந்தால் எனக்கு எழுதுங்கள். துணி வியாபாரம் இந்த ஊருக்குப் புதிதில்லை. சங்கப் புலவர்களிலேயே மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று ஒருவர் உண்டு. அறுவை என்றால் அந்தக் காலத்தில் துணி. இன்றைக்கு வேறு பொருள், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

இறந்தவர் துணி விஷயத்துக்கு வருகிறேன். உங்களில் யார் தயங்குகிறார்களோ அவர்களைப் பத்தாம்பசலி என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் பயம் இருக்கிறது, பயத்துக்குப் பின்னால் பாசமும் இருக்கிறது. ஆனால் நம் வழக்கத்தில் துணிக்கும் சாவுக்கும் உள்ள கணக்கு அவர்கள் நினைப்பது போல ஒருபக்கமாக இல்லை. பிறந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் முதலில் போர்த்துவது எது? புதுத்துணி கிடையாது. பாட்டியோ அம்மாச்சியோ உடுத்தி நைந்த பழஞ்சேலைக் கிழிசல்தான். தூளி கட்டுவதும் அதில்தான். புதுத்துணி உறுத்தும் என்பார்கள். நீண்டகாலம் வாழ்ந்த உடம்பின் துணி ராசி என்பார்கள், இரண்டும் உண்மையாக இருக்கட்டும். புதுத்துணி எப்போது வருகிறது? உயிர் போனபின், பிறந்த வீட்டிலிருந்து கோடியாக வருகிறது. வரும்போது கந்தல், போகும்போது கோடி. கந்தலைக் கண்டு பயப்படும் வழக்கம் நம்முடையது இல்லை.

இன்னொன்றும் உண்டு. நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் வீட்டுத் தெய்வம் என்று கும்பிடுவது இறந்துபோன ஒரு பெண்ணைத்தான். விக்கிரகம் கிடையாது. ஒரு பெட்டியில் சேலை இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதை இறக்கி, சாம்பிராணி காட்டி, புதுச்சேலை ஒன்று வைத்துக் கும்பிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு ஓலைப்பெட்டி இருந்தது. இறந்தவள் சேலையைச் சாமியாகவே வைத்திருக்கும் ஊரில், அதிலிருந்து ஒரு சாண் துணி எடுத்துப் போர்வையில் வைப்பது எப்படிக் குற்றமாகும்? இதைத் தயங்குகிறவர்களிடம் சொல்லிப்பாருங்கள். அப்போதும் மனம் ஒப்பாதவர்களை அந்தப் போர்வைக்கு வெறும் வெட்டுத்துணி தைக்கச் சொல்லுங்கள். பிள்ளைப் போர்வைகளில் மட்டும், பிள்ளையைப் பெற்றவள் சரி என்று சொல்லாமல் இந்தச் சேலைகளைச் சேர்க்காதீர்கள்.

துணிகள் எப்படி வந்தாலும் நன்றாக வெந்நீரில் அலசிக் காயவைத்துத்தான் தைப்பீர்கள், உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சுங்குடி அக்காவின் சேலையில் மட்டும் கையால் கட்டியது ஏதாவது இருந்தால் அதை இஸ்திரி போட வேண்டாம். முடிச்சு அவிழ்த்த இடத்தில் துணி சிறிய கொப்புளம்போல் எழுந்து நிற்கும். இரண்டு புள்ளி ஒன்றுபோல் இருக்காது. ஒவ்வொன்றும் ஒரு பெண்ணின் விரல் நின்ற இடம். சலவையில் பாதி போயிருக்கும், மிஞ்சியதை இஸ்திரிப் பெட்டிக்குக் கொடுப்பானேன்? மில் ஆச்சியின் டப்பாவில் இருக்கும் நூல் முனைகளை அப்படியே போர்வையின் மடிப்புக்குள், நடுவில் பரப்பித் தைத்துவிடுங்கள். நூற்பாலையில் இழை அறுந்தால் எந்திரத்தை நிறுத்தாமலே இழை பிடித்துச் சேர்ப்பார்கள். அந்தப் பிழைப்பில் வாழ்ந்த வீட்டு அம்மாளுக்கு ஒரு விரல்கடை நூலைத் தூக்கி எறிய எப்படி மனம் வரும்?

டீச்சரின் போர்வைதான் நீங்கள் கேட்டதில் கடினமானது. அதற்கு என் அப்பத்தாவின் போர்வையைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது மடியில்தான் கிடக்கிறது. ஓரத்தில் கத்தரிப்பூ நிறச் சேலை, நடுவில் தாத்தாவின் நான்கு முழ வேட்டி, அங்கங்கே சட்டைத் துண்டுகள். மேல்வரிசைகளில் தையல் நெல்மணி நீளம், அச்சடித்தது போல. ஒரு சாண் கீழே வந்தால் நெல் நீண்டு புளியங்கொட்டை ஆகிறது. இன்னும் கீழே வரிசையே தள்ளாடுகிறது. ஓரிடத்தில் போட்ட தையல் மேலேயே மறுபடி போட்டிருக்கிறாள், தெரியாமல். பிறகு திடீரென்று, ஒரு நீலத்துண்டின் கரையைத் தாண்டியதும், மறுபடியும் நெல்மணி.

அந்த நீலக்கரையில்தான் கண் ஆபரேஷன் நடந்தது. எங்கள் ஊருக்குக் கண் முகாம் வந்து, பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அழைத்துப்போய், அரவிந்த் கண் மருத்துவமனையில் புரை எடுத்து அனுப்பினார்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. எங்கள் பக்கத்துக் கிழவிகளில் எத்தனை பேர் அங்கே போய்விட்டு வந்து மறுபடி ஊசியில் நூல் கோத்தார்கள் என்று யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்றைக்கு அப்பத்தா போர்வையை எடுத்து விரித்தாள். புளியங்கொட்டை வரிசைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "எவள் இந்தக் கண்ணராவியைத் தைத்தது?" என்றாள். அவள்தான் என்று சொல்ல எங்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை. சற்று நேரத்தில் அவளுக்கே விளங்கிவிட்டது. பிரிக்கப் போகிறாள் என்று நினைத்தோம். பிரிக்கவில்லை. "பிரித்தால் துணி தாங்காது" என்று சொல்லி, விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

அச்சடித்த தாளில் நான் எழுதாமல் விட்ட அப்பத்தா இந்தத் துணியில் இருக்கிறாள். மேல் பகுதியையும் கீழ்ப் பகுதியையும் மட்டும் பார்த்தால் அவள் தேர்ந்த தையல்காரி. நடுவில் அந்த ஒன்றரைச் சாண் இருப்பதால்தான் அது அவள் போர்வை.

ஆகவே டீச்சரின் போர்வையை முடியுங்கள், ஆனால் டீச்சர் மாதிரி தைக்காதீர்கள். ஸ்கேல் வேண்டாம். அவர் நிறுத்திய இடத்திலிருந்து வேறு நிற நூலில், எட்டுப் பேரும் அவரவர் கைப்படி ஆளுக்கு இரண்டு வரிசை போடுங்கள். கோணட்டும். இடதுகைக்காரி இருந்தால் அவள் வரிசை மறுபக்கம் சாயட்டும். வித்தியாசம் தெரியக் கூடாது என்று சொன்னவருக்கு என் வணக்கம், ஆனால் வித்தியாசம் தெரிய வேண்டும் அக்கா. கை நின்ற இடம் தெரிய வேண்டும். சங்க நூலான பொருநராற்றுப்படையில், அரசர்களிடம் பாடிப் பரிசு பெறும் பொருநன் ஒருவன் தான் உடுத்தியிருந்த கந்தலைப் பற்றிச் சொல்வான்: 'வேற்றிழை நுழைந்த துன்னல் சிதார்'. வேறு நூல் நுழைந்து நுழைந்து தைத்த கிழிசல் என்று பொருள். அவன் தன் வறுமையைச் சொல்கிறான், கரிகாலன் அதைக் களைந்துவிட்டுப் புதுத்துணி கொடுக்கிறான். நீங்கள் கரிகாலன் ஆக வேண்டாம். டீச்சரின் துணிக்குள் வேற்றிழை நுழையட்டும். பிரிக்க அவர் இல்லை என்பது ஒவ்வொரு கோணல் தையலிலும் உங்களுக்கு உறைக்கும், அது உறைக்கத்தான் வேண்டும்.

பெயர்கள் பற்றி. அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயில் இறந்தவர்களுக்காக அவர்களுடைய நண்பர்களும் வீட்டாரும் ஒரு பெரிய ஒட்டுப்போர்வை தைத்தார்கள். ஆளுக்கு ஒரு துண்டு, 3 அடிக்கு 6 அடி, ஒருவரைப் புதைக்கும் குழியின் அளவு. 1987 அக்டோபரில் வாஷிங்டனில் அதை முதன்முதலாக விரித்தபோது 1,920 துண்டுகள் இருந்தன. அந்த நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசிய காலம். அதனால் அவர்களுக்குப் பெயர்களை ஊரறிய விரிப்பதே ஒரு போராட்டம். உங்களுக்கு அந்தப் போராட்டம் இல்லை. முழுப்பெயர், இனிஷியல், தோற்றம், மறைவு எல்லாம் ஃபிளெக்ஸில் வந்தாகிவிட்டது. நீங்கள் கூப்பிட்ட பெயரைத் தைத்தால் போதும். 'மில் ஆச்சி' என்பது ரேஷன் கார்டில் இல்லாத பெயர், உங்கள் மாடியில் மட்டும் இருந்த பெயர். அதைச் சங்கிலித் தையலில், அடிப்பக்கத்தில் போடுங்கள். போர்த்திக்கொள்கிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதாதா?

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்திப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர், இதே போலப் பழந்துணியில் கவந்தி என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போவார்கள். எல்லாம் முடிந்தபின் நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்து ஒரு பூ வைப்பார்கள். பூ இல்லாத கவந்தி அம்மணமாக இருப்பதாக அவர்களுக்குக் கணக்கு. உங்கள் நினைவுப் போர்வைக்கு அந்தப் பூக்களைக் கடன் வாங்கலாம். மூன்று மூலைக்கு மூவர் சேலை. நான்காவது மூலை இருக்கட்டும், நம் வயதில் அதற்கு அவசரம் வேண்டாம்.

தைத்து முடித்தபின் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைக்கப் போவதாக யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். புதன்கிழமைகளில் மாடியில் விரித்து அதன்மேல் உட்கார்ந்து தையுங்கள். டீ கொட்டட்டும்.

ஒரே ஒரு வேலையை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். டீச்சரின் போர்வையில் குத்தி நிற்கும் ஊசியை எடுத்துவிடுங்கள். அது அவர் கைவைத்த கடைசி இடம் என்று விட்டுவைத்திருப்பீர்கள், புரிகிறது. அந்த இடத்தில் ஒரு சிவப்பு நூலால் முடிச்சுப் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் பீரோவுக்குள் ஈரம் ஏறும், ஊசி துருப்பிடிக்கும். நூல்துணியில் இறங்கிய துரு எத்தனை முறை துவைத்தாலும் போகாது.

அன்புடன்,
தம்பி